வலிக்கவில்லை என்றொரு புகார்

எங்கள் கடைத்தெருவில் ஒரு பேரம் நல்லபடியாக முடிந்ததா என்பதைப் பொருளைப் பார்த்துச் சொல்ல மாட்டோம். விற்றவன் முனகினானா என்று கேட்போம். "அநியாயத்துக்கு அடிச்சிட்டீங்க, உங்க முகத்துக்காகத்தான் குடுக்கறேன்" என்று கடைக்காரன் தலையில் கை வைத்தால் வாங்கியவன் பூரித்துப்போய் வீடு சேர்வான். "சந்தோஷமா எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்துவிட்டாலோ தீர்ந்தது. தான் ஏமாந்துவிட்டதாக முடிவு கட்டி, மறுநாள் வந்து ஆணியை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பான். அதனால் எங்கள் இரும்புச் சாமான் கடையில் முனகுவது என் பொறுப்பு. ஆணிக்கு ஒன்று, தாழ்ப்பாளுக்கு ஒன்று என்று தனித்தனி முனகல் வைத்திருக்கிறேன். சங்கிலிக்கு நான் முனகினால் எதிர்க்கடைக்காரர்கூட யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பார்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், இந்தக் கடையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். முனகலின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையைத் தராசின் மேல்கூட வைத்ததில்லை. அந்த நம்பிக்கையோடு தன் ஐம்பத்திரண்டாவது வயதில் அவர் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்.

நுழையக் காரணம் அக்காவின் கணுக்கால். மூட்டு தேய்ந்துவிட்டது, அறுவை செய்து எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்க வேண்டும் என்றார் டாக்டர். படத்தில் திருகாணியைக் காட்டினார். "இது என்ன சைஸ், எங்க வாங்கறீங்க?" என்று அத்தான் விசாரித்தார். டாக்டர் மூன்று மாதம் கழித்து நாள் கொடுத்தார். அதன்பிறகு ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படவே கூடாது என்றார்.

எங்களுக்குக் கீழே கடை, முதல் மாடியில் கிடங்கு, இரண்டாம் மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. முப்பத்திரண்டு படிகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அக்கா எப்படி மேலே போவாள்?

"ரெண்டு ஆள் அனுப்புவாங்களாம், நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்," என்றேன் நான்.

"தெருவே நின்னு பாக்க, முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் என்னை பீரோ மாதிரி மேல ஏத்தணுமா?" என்றாள் அக்கா.

"அப்ப என் தங்கச்சி வீடு இருக்கே. கீழ்த்தளம், ஒரு படிகூட கிடையாது," என்றார் அத்தான் அப்பாவியாக.

அக்காவுக்கும் அவள் நாத்தனாருக்கும் இடையே பகை என்று எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பார்கள், நலம் விசாரிப்பார்கள், பிறகு இரண்டு நாள் தலைவலியோடு படுத்துக்கொள்வார்கள்.

"உங்க தங்கச்சி வீட்டுல நான் ஆறு வாரம் படுத்துக் கிடந்தா, என் ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக் காட்டியே அவங்க ஆயுசு கூடிடும்," என்றாள் அக்கா. "எனக்கு என் வீடு, என் கட்டில். அவ்வளவுதான்."

"அப்ப நான் தூக்கறேன். நானும் மச்சானும் நாற்காலியோட தூக்கறோம்," என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். வாயால்கூட அல்ல, மூக்கால். ஐம்பத்திரண்டு வருடத்தில் அத்தான் தனியாகத் தூக்கியதிலேயே கனமான பொருள் கல்லாப்பெட்டி ஸ்டூல்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு அத்தானுக்கு உறைத்துவிட்டது.

"சரி. ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி பாப்போம்," என்றாள் அக்கா. "முடியும்னு தோணுச்சுன்னா இங்க வர்றேன். இல்லன்னா உங்க தங்கச்சிக்கு நானே போன் பண்ணிடறேன்."

நாற்காலியின் இன்னொரு பக்கத்தை நான் பிடிப்பதாக ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் இருக்கிறதே, அதற்குள் ஏதாவது நடக்காமலா போய்விடும்?

கூடத்தை நடத்தியவரை எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து விலகியவர். விசில் மட்டும் கழுத்தை விட்டு இன்னும் விலகவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, என்ன தூக்கினார்கள், எத்தனை தடவை என்று எழுதுவார். முதல் நாள் அத்தானின் தோளில் வெறும் கம்பியை வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார். கம்பி மட்டும் இருபது கிலோ. எட்டு தடவை, மூன்று சுற்று.

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை அத்தான் மாடியிலிருந்து பக்கவாட்டில் இறங்கி வந்தார், நண்டு மாதிரி. ஸ்டூலில் உட்கார முயன்றார். கடைசி அரை அடியை உட்காராமல் விழுந்தே கடந்தார். முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

"மச்சான், என் தொடையைத் தொட்டுப் பாரு."

தொட்டேன்.

"ஐயோ, தொடாத, தொடாத!" என்று அலறினார். அலறிவிட்டுச் சிரித்தார். "பாத்தியா? என்னமா வேலை செஞ்சிருக்கு!"

அன்றிலிருந்து அது அவருடைய காலைக் கடமை ஆயிற்று. எழுந்ததும் கட்டைவிரலால் தொடையை அழுத்துவார், பிறகு தோள், பிறகு முதுகு. "ஸ்ஸ்ஸ்" என்று வந்தால் நாள் நல்ல நாள். சதை விற்கிறவன், அவர் வாங்குகிறவர். சதை கதறினால் பேரத்தில் இவர் ஜெயித்துவிட்டார்.

கூடத்திலும் பேரம் நடந்தது, என்ன, தலைகீழாக.

"இன்னும் ஒரு பன்னெண்டு போடுங்க டீச்சர்."

"எட்டு போதும் சார்."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், பத்து."

"சார், நான் இங்க எதையும் விக்கல. எட்டு."

ஐந்தாவது வாரம் வாக்கில் ஒரு காலை, அத்தான் தொடையை அழுத்தினார். ஒன்றும் இல்லை. தோளை அழுத்தினார். முதுகைக் கதவு நிலையில் தேய்த்துப் பார்த்தார். பத்து நிமிடம் தன்னைத் தானே கிள்ளிக்கொண்டு நின்றவர், துக்க முகத்தோடு கடைக்கு இறங்கி வந்தார். நேராக நடந்து வந்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை.

"வலி நின்னு போச்சு மச்சான்."

"நல்லதுதானே அத்தான்?"

"என்ன நல்லது? சரக்குல கை வைக்கிறாங்கடா. முதல்ல நல்லதாக் காட்டி ஆளைப் பிடிக்கிறது, அப்புறம் மட்டமானதைத் தள்ளி விடறது. நாம பண்ணாததா?"

அன்று மாலை சங்கிலி நிறுக்கும் எங்கள் கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மறைக்க வேண்டியதில்லை, வேடிக்கைக்காக நான் எவ்வளவு தூரமும் நடப்பேன். ஆறேழு பேர் வியர்வையோடு நின்று பார்க்க, அத்தான் சுவரில் இருந்த ஒரு கொக்கியில் தராசை மாட்டி, இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுத்தார். இருபது என்று பொறித்தது இருபது. பத்து என்றது பத்து. பதினோராவது தட்டில் முகம் மலர்ந்தது.

"பாருங்க! இதுல இருநூறு கிராம் குறையுது!"

டீச்சர் இடுப்பில் கை வைத்தபடி நின்றார். "அந்தத் தட்டை நீங்க இதுவரைக்கும் தொட்டதே இல்ல சார்."

"அப்ப எனக்கு ஏன் வலிக்கல?"

"வலி புதுசுக்குத்தான் சார். பழக்கமில்லாத வேலையைக் குடுத்தா உடம்பு கத்தும். பழகிட்டா கத்தாது. கத்தலைன்னா வேலை நடக்கலைன்னு அர்த்தம் இல்ல."

"அந்த ஆளைப் பாருங்க," என்று மூலையைக் காட்டினார் அத்தான். அங்கே ஒரு வங்கிக் காசாளர் இருந்தார். கம்பியைத் தூக்கும்போதெல்லாம் அவர் எழுப்பும் சத்தத்துக்காக எல்லாரும் அவரைக் 'கர்ஜனை' என்பார்கள். "அவருக்கு மட்டும் தினமும் வலிக்குது. தினமும் துடிக்கிறாரு. எங்கிட்ட மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?"

டீச்சர் குரலைத் தாழ்த்தி இரண்டு நோட்டுகளை எடுத்துத் திறந்தார். "அவரு வாராவாரம் ஒரு புதுப் பயிற்சி கேட்டு வாங்கிக்குவாரு. அதான் வாராவாரம் வலிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி சேர்ந்த அன்னைக்கு நாப்பது கிலோ. நேத்து நாப்பது கிலோ. நீங்க இருபதுல ஆரம்பிச்சீங்க. இன்னைக்கு எவ்வளவுன்னு படிங்க."

நாற்பது என்று எழுதியிருந்தது. அத்தான் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், அழித்து எழுதிய தடம் இருக்கிறதா என்று. வெளியே வந்ததும் சொன்னார்:

"அவங்க நோட்டு, அவங்க பேனா. எதை வேணாலும் எழுதிக்கலாம்."

இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? தொடை கத்த வேண்டும், அது ஒன்றே அவருக்குச் சாட்சி.

எட்டாவது வாரம் கடைக்குச் சங்கிலி வந்து இறங்கியது. ஒரு மூட்டை ஐம்பது கிலோ. வழக்கமாக அதை அத்தான் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து, இரண்டு படிக்கு ஒருமுறை வைத்து, கடவுளையும் அரசாங்கத்தையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு கிடங்குக்கு ஏற்றுவோம். அன்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் டீச்சரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டு வாரம் மச்சான்! என்னத்தைக் கண்டேன்?" என்று சொல்லி மூட்டையைக் கட்டிப் பிடித்து மார்போடு தூக்கினார். "ஒரு பலன் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். "நடுராத்திரி புரண்டு படுத்தாக்கூட ஒரு முனகல் இல்ல!" என்ற குரல் மேலேயிருந்து வந்தது. மூட்டை தொப்பென்று விழுந்தது. கீழே வந்தார், அடுத்த மூட்டையை எடுத்தார். "எல்லாம் ஏமாத்து வேலை!"

நான்கு மூட்டை. நான் டீயை முடித்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'அத்தான், திரும்பிப் பாருங்க, இந்தப் படியில் என்னைக் காணோம்' என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்தால் கவனம் வரும், கவனம் வந்தால் "நீ ஒரு முனை பிடி" என்பார். எனக்கு இடுப்பு இருக்கிறது, அதன்மேல் பாசமும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பலன் பன்னிரண்டாவது வாரம் தெரிந்தது. அக்கா முடிவு சொல்ல மூன்று நாள் இருந்தது. வலியில்லாத தொடையை வைத்துக்கொண்டு மனைவி முன்னால் எப்படி நிற்பது என்று அத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது, இரண்டு கையிலும் ஆணிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு, கிடங்குப் படிகளில் மெல்ல மெல்ல இறங்கினார். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடை அதிகம் வாங்குகிறது என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தார். அறுபது தடவை இறங்கினாராம். டீச்சருக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சந்தோஷமாக முனகினார். செவ்வாய்க்கிழமை சந்தோஷம் போய் முனகல் மட்டும் இருந்தது. புதன்கிழமை, அக்கா முடிவு சொல்ல வேண்டிய நாள், காலையில் கழிவறைக்குப் போனவர் திரும்பவில்லை. உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. அரை மணி நேரம் கௌரவமாக மௌனம் காத்துவிட்டு, பிறகு குரல் கொடுத்தார். தேய்ந்த கணுக்காலோடு நொண்டிக்கொண்டே போய் அக்காதான் அவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

வெளியே வந்தவள் நேராகத் தொலைபேசியை எடுத்தாள். நாத்தனாரின் குரல் எனக்கே கேட்டது. "வாங்க அண்ணி, ரூமெல்லாம் எப்பவோ ரெடி! எனக்குத் தெரியும் அண்ணி, அண்ணனால எல்லாம் ஆகாதுன்னு!"

போனை வைத்துவிட்டு அக்கா பெட்டியில் துணி மடித்து வைத்தாள். எதையும் வீசவில்லை. ஒவ்வொரு புடவையாக நீவி நீவி வைத்தாள். அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"பன்னெண்டு வாரம் போச்சு மச்சான்," என்றார் மெதுவாக. "தூக்கறேன்னு சொன்னேன்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. வியாபாரத்துக்கான முனகல் இல்லை அது.

"அத்தான், போன மாசம் நாலு மூட்டை சங்கிலியை மேல ஏத்தினது யாரு?"

"நீயும் நானும்தான்."

"நான் டீ குடிச்சுட்டு இருந்தேன்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத."

"உங்க மேல சத்தியம். நாலும் நீங்கதான். திட்டிக்கிட்டே ஏத்துனீங்க. சொன்னா என்னையும் பிடிக்கச் சொல்லுவீங்கன்னு சொல்லல."

அக்காவின் கை புடவையின் மேல் நின்றது. "டேய், மூட்டை எவ்வளவு?"

"அம்பது."

"நான் அதுக்கு மேல."

"எவ்வளவு மேலக்கா?"

"அது உனக்கு எதுக்கு?"

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "இவன் பொய் சொல்லலங்க. இனிமே மூட்டை தூக்க வேண்டி வரும்னு தெரிஞ்சும் சொல்றான். தனக்கு நஷ்டம் வர்ற விஷயத்தை நம்ம வீட்டுல யாரும் சும்மா சொன்னதில்ல."

டீச்சருக்கு போன் போட்டோம். அறுபது தடவை என்று கேட்டதும் மறுமுனையில் விசில் ஊதாத குறை. "ஒரு வாரம் எதையும் தொடக் கூடாது. வலி போயிடும், பலம் போகாது. அவரு நம்பலைன்னாலும் போகாது."

அக்கா பெட்டியை மூடினாள். "ஆஸ்பத்திரியிலிருந்து நான் வர இன்னும் எட்டு நாள் இருக்கு. வண்டி முதல்ல நம்ம வாசல்ல நிக்கட்டும். தூக்க முடிஞ்சா மேல. முடியலன்னா அதே வண்டியில உங்க தங்கச்சி வீடு."

எட்டாம் நாள் பதினோரு மணிக்கு வண்டி வந்தது. அக்காவின் கால் முழங்கால்வரை மாவுக்கட்டில் இருந்தது. நாத்தனாரும் கூடவே வந்திருந்தார், "எதுக்கும் இருக்கட்டுமேன்னு". அவர் வண்டியின் கதவைச் சாத்த விடவில்லை.

அத்தான் காலையிலிருந்து ஏழெட்டு முறை தொடையை அழுத்திப் பார்த்திருந்தார். வலி இல்லை. அதனால் பயந்துபோயிருந்தார்.

கைப்பிடி வைத்த மர நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தோம். கீழ்ப்பக்கம் பிடிப்பவன்தான் அதிக பாரம் தாங்க வேண்டும் என்பதால் அது அத்தானுக்கு. மேல்பக்கம் எனக்கு, பின்னோக்கி ஏற வேண்டும். ஒன்று, இரண்டு என்று அக்கா படிகளை எண்ணினாள். ஐந்தில் எனக்கு வியர்த்தது. ஒன்பதில் தொடை நடுங்கத் தொடங்கியது. பதினாறில், கிடங்கு வாசலில், என் முட்டி இரண்டும் என்னைக் கேட்காமலே மடங்கின. நாற்காலி தரையில் இடித்து நின்றது.

"என்னால முடியல அத்தான்."

"பரவாயில்ல அண்ணி, இறங்கிடலாம்!" என்று கீழேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார். குரலில் கவலை இருந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் வெற்றியும் தெரிந்தது.

அக்கா சங்கிலி மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். "என்னை இந்தக் கிடங்குலயே இறக்கி வச்சிட்டுப் போயிடலாம்னு மட்டும் பாக்காதீங்க."

அத்தான் அவள் முன்னால் திரும்பிக் குனிந்து உட்கார்ந்தார், கூடத்தில் உட்காருவது போலவே, முதுகை நேராக வைத்து. "கழுத்தைப் பிடிச்சுக்க. மச்சான், நீ கட்டுப் போட்ட காலை மட்டும் தாங்கிக்கோ."

எழுந்தார். அவ்வளவுதான். ஒரு முக்கல் இல்லை, கர்ஜனை இல்லை. பதினேழு, பதினெட்டு என்று அக்கா எண்ணினாள். இருபதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடியிருந்தாள். நான் மாவுக்கட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு, கோயில் தேருக்குக் கட்டை போடுகிறவன் மாதிரி பின்னாலேயே ஓடினேன்.

வீட்டுக்குள் வந்ததும் அத்தான் கேட்டார்: "எங்க இறக்கணும்?"

அக்கா கண்ணைத் திறந்தாள். "அவசரம் என்ன? மூச்சு வாங்குதா?"

"இல்லையே."

"அப்ப சமையலறைப் பக்கம் போங்க."

போனார்.

"அடுப்பு ஏன் இப்படி இருக்கு? ஒரு வாரம் நான் இல்லன்னா இதான் லட்சணமா? சரி, பின்கட்டுக்குப் போங்க. துணி காயப்போட்டீங்களா, இல்ல ஊறவே வச்சிருக்கீங்களா?"

வீடு முழுவதும் ஒரு சுற்று வந்தார்கள். முதுகில் உட்கார்ந்தபடியே பரண் மேல் இருந்த தூசியைக்கூட அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். தரையில் நிற்கும்போது அது அவளுக்கு எட்டியதில்லை. கட்டிலில் இறக்கியபோது அவர் தோளை ஒரு முறை தட்டினாள். "நல்லாத்தான் தூக்குறீங்க," என்றாள், இந்த முறை வாயால். கீழே வண்டியின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. வேகமாகத்தான் சாத்தினார் நாத்தனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

மூன்றாம் நாள் காலை நான் கடைக்குப் பக்கவாட்டில் நடந்து வந்தேன். ஸ்டூலில் கடைசி அரை அடியை விழுந்தே கடந்தேன். அத்தான் ஏற்கெனவே கல்லாவில் இருந்தார், முகம் தொங்கிப்போய்.

"மச்சான், ஒரு வலியும் இல்ல. தொடை, தோள், முதுகு, எங்கயும் இல்ல. சரியாத் தூக்கலையோ?"

"அக்கா மேல இருக்காளே அத்தான். அது போதாதா?"

"அது சரி. இருந்தாலும் ஒரு இடத்துலயாவது வலிக்கணும்ல?"

சங்கிலி வாங்க வந்த ஒருவர் அரை மணி நேரமாகப் பேரம் பேசிக்கொண்டு நின்றார். அவர் கேட்ட விலை எங்களுக்கு ஏற்கெனவே சம்மதம்தான். நான் இன்னும் முனகாததால் அவருக்கு எடுக்க மனம் வரவில்லை. அப்போதுதான் அத்தான் என் உட்காரும் விதத்தைக் கவனித்தார். கண்கள் விரிந்தன. கட்டைவிரலை நீட்டி என் தொடையில் ஓர் அழுத்து அழுத்தினார்.

என் வாயிலிருந்து வந்தது இருபது வருடத் தொழிலில் நான் ஒருமுறைகூட எழுப்பாத சத்தம். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா!" என்றார் அத்தான், பொறாமை தாங்காமல். "பதினாறே படியில இவ்வளவு வலியா! உனக்குத்தான்டா நல்லா வேலை செஞ்சிருக்கு."

சங்கிலிக்காரர் என் கண்ணில் நின்ற நீரைப் பார்த்தார். முகம் மலர்ந்து, "சரி, மூணு மூட்டை போடுங்க," என்றார்.

"மச்சான், ஒரு முனை பிடி," என்றார் அத்தான்.